வேலிக்குள் வளர்ந்த காடு



கைவிடப்பட்ட பால்மரக் காட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பால் வெட்டுவது நின்று, புல் வெட்டவும் ஆள் போகாவிட்டால் என்ன ஆகும்? கொஞ்ச காலத்தில் நிரை தெரியாது. கொடி ஏறும். பறவைகள் எங்கிருந்தோ விதைகளைக் கொண்டுவந்து போடும். தோட்டம் மறுபடி காடாகிவிடும். சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் இப்படி ஒரு பெருங்காடு வளர்ந்தது. அதற்குக் காவல் இருந்தது யார் தெரியுமா? பட்டாளம்!

சிங்கப்பூர் 1965-இல் தனி நாடாயிற்று. 1967-இல் இளைஞர்களுக்குக் கட்டாய இராணுவச் சேவை வந்தது. பீரங்கி சுட்டுப் பழகவும், இரவில் காட்டுக்குள் நடந்து பழகவும் இடம் வேண்டுமே! அடுக்குமாடி வீட்டு வாசலிலா பழக முடியும்? மேற்கே பழைய கம்பங்களும் ரப்பர் தோட்டங்களும் இருந்த நிலத்தில் பயிற்சிக் களங்கள் அமைந்தன. அதே பகுதியில் முராய், போயான், சரிம்பூன், தெங்கே ஆறுகளின் முகத்துவாரங்களை அடைத்து, 1981-இல் நீர்த்தேக்கங்களை உண்டாக்கி முடித்தார்கள். ஒரே வட்டாரம் குடிநீருக்கும் உதவிற்று, குண்டு சுடவும் உதவிற்று.

பட்டாளம் இயற்கைக்கு நண்பன் என்று நான் சொல்ல வரவில்லை. கனரக வண்டி மண்ணைக் கிளறும். குண்டுச் சத்தத்தில் பறவை பதறும். ஆனால் தடைவேலி போட்டுவிட்டால், வேட்டைக்காரனும் உள்ளே போக முடியாது, வீடு கட்டுகிறவரும் போக முடியாது. பயிற்சி முடிந்து படை திரும்பியதும் நிலம் ஓய்வெடுக்கும். தொட்டால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் எறும்புதின்னிகூட அங்கே பிழைத்திருக்கிறது. உலகில் அழிந்துவரும் பிராணி அது.

சிக்கல் எங்கே? அந்த வேலி காட்டுக்காகப் போட்டதல்ல. 2010-ஆம் ஆண்டுக் கணக்கில், சிங்கப்பூர் நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தற்காப்புக்கென இருந்தது. வீட்டுக்கும் அதே நிலம்தான். பாய லேபார் விமானத் தளத்தை மாற்றி அங்கே வீடுகள் கட்டலாம் என்று 2013-இல் அறிவித்தார்கள். அதற்கு ஈடாகத் தெங்கா தளத்தை விரிவாக்க வேண்டியதாயிற்று. அதற்காகச் சுவா சூ காங் இடுகாட்டில் 80,500 கல்லறைகளைத் தோண்டி எடுக்கப் போவதாக 2017-இல் அறிவிப்பு வந்தது. உயிரோடிருப்பவர்களுக்கு இடம் தர, இறந்தவர்கள் எழுந்து போக வேண்டியிருக்கிறது!

இடம் போதாத படை வெளிநாட்டுக்கும் போகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பயிற்சி நிலத்தைப் பெருக்க 2016-இல் இரு நாடுகளும் உடன்பட்டன. தங்கள் மேய்ச்சல் நிலம் பறிபோகும் என்று அங்குள்ள மாட்டுப் பண்ணைக்காரர்கள் எதிர்த்துப் பேசினார்கள். கட்டாயமாக எடுக்க மாட்டோம், விற்க விரும்புவோரிடமே வாங்குவோம் என்று அந்நாட்டு அரசாங்கம் 2017-இல் சொல்லிவிட்டது. பண்ணைக்காரனுக்கு வாய் இருக்கிறது. எறும்புதின்னிக்கு?

தெங்காவுக்கு வருவோம். விமானத் தளத்துக்கு அருகே பட்டாளம் பயிற்சி செய்து வந்த 700 ஹெக்டர் நிலத்தில் 42,000 வீடுகள் கொண்ட புதுநகரம் எழும் என்று 2016-இல் திட்டம் வெளியாயிற்று. தோட்டக் கணக்கில் 1,700 ஏக்கருக்கு மேல். காடு முழுவதும் போய்விடக் கூடாதென்று, 100 மீட்டர் அகலம், 5 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு காட்டுப் பாதை ஒதுக்கினார்கள். மேற்குக் காட்டிலிருந்து நடுத்தீவுக் காட்டுக்குப் பிராணிகள் போய்வர அது வழி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பாதை 50 ஹெக்டர். மொத்தத்தில் பதினாலில் ஒரு பங்கு. அகலமோ, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஓடும் தூரம். இது போதாதென்று இயற்கை ஆர்வலர்கள் வாதாடினார்கள். வீட்டுக்காகக் காத்திருக்கும் இளம் தம்பதிகளின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனாலும், இன்னும் கொஞ்சம் அகலமாக விட்டிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

2023-இல் தெங்காவில் முதல் குடும்பங்கள் குடியேறின. தங்கள் வீடு நிற்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று அங்குள்ள பிள்ளைகள் கேட்டால், பாட்டி பால்மரம் என்பார், அப்பா பட்டாளம் என்பார். இரண்டும் சரிதான்.