அதிபர் நாற்காலி காலியாக இருந்தால் யார் கேட்பது?

(பலாங்கொடையில் தோட்டக் கமிட்டித் தலைவர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, உடுப்புக்கூட மாற்றாமல் நேரே வந்த அம்மாமார் பலர் இங்கே இருக்கிறீர்கள். பெட்டியாகலை, ராசகலை, பின்னவலைப் பக்கத்தார் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதனால் நீட்டாமல் சொல்கிறேன்.

ஒரு பேர் குறைந்தால் அன்றைக்கே ஆபீஸ் வாசலில் நிற்கிறோம். நிறுவையில் ஒரு கிலோ கூடுதலாகக் கழித்தால் கணக்கப்பிள்ளையை விடமாட்டோம். ஆனால் பாடசாலையில் ஆறு மாதமாகக் கணித ஆசிரியர் இல்லையென்றால் மட்டும் "என்னத்த செய்றது" என்று இருந்துவிடுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் இரண்டு வருடம் நிரந்தர அதிபர் இல்லை. ஓர் ஆசிரியையே கடமை நிறைவேற்று அதிபராக இருந்தார். நல்ல மனுஷி. பாடமும் எடுத்தார், கடிதமும் எழுதினார், வலயக் கல்விப் பணிமனைக்கும் ஓடினார். அவர் ஓடுகிற நாளில் அவருடைய வகுப்பு சும்மா இருந்தது. அந்த இரண்டு வருடத்தில் பெற்றோர் பக்கத்திலிருந்து ஒரு கடிதம்கூடப் போகவில்லை. சங்கத்திலிருந்தும் போகவில்லை, அதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

இது பழைய பழக்கம். 1920ஆம் ஆண்டுச் சட்டம் 6 வயது முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத் துரையிடம் விட்டது. எந்தப் பிள்ளை நாளைக்கு மலைக்கு வரவேண்டுமென்று நினைத்தாரோ, அந்தப் பிள்ளையின் பள்ளிக்கூடமும் அவர் கையில். ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், எல்லா வகுப்பும் ஒன்றாக. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோதும் நம் பள்ளிக்கூடங்கள் தோட்டத்தோடேயே நின்றன. தோட்டங்கள் அரசுடைமையான பிறகு, எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்துதான் அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. அதுவரை துரையின் பள்ளிக்கூடம். அதன்பின் அதிபரின் பள்ளிக்கூடம் என்று நினைத்துக்கொண்டோம். நம்முடையது என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

நல்லதும் நடந்திருக்கிறது. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்து, நம் லயத்துப் பிள்ளைகளே ஆசிரியர்களாக வருகிறார்கள். மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவில் ஆசிரிய உதவியாளராகத் தொடங்கி, பிறகு 10,000 ரூபாயில் தாக்குப்பிடித்தவர்களும் அவர்களில் உண்டு. பஸ் காசுக்கே பற்றாத சம்பளம் அது. அவர்களை நாம் மறக்கக் கூடாது.

ஆனால் சப்ரகமுவ வேறு. மலையகம் என்றால் எல்லோருக்கும் நுவரெலியாதான் ஞாபகம் வருகிறது. அங்கே தமிழ்ப் பாடசாலைகள் அடுத்தடுத்து இருக்கின்றன, கேட்பதற்கு அரசியல்வாதிகளும் இருக்கிறார்கள். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று கிடக்கிறோம். ஹட்டனிலிருந்து நியமனம் பெற்று வருகிற ஆசிரியர் தங்க இடமில்லாமல், முதல் நாளே இடமாற்ற விண்ணப்பத்தை எழுதத் தொடங்குகிறார். அவரைத் திட்டி என்ன பயன்? அவருக்கு ஒரு நல்ல காம்பரா தேடிக் கொடுத்தோமா?

அதிபர் இருக்கிற இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், தரம் 9இல் தெரியும். நல்ல அதிபர் மூன்று நாள் வராத பையனைத் தேடி லயத்துக்கே வருவார். அதிபர் இல்லாத இடத்தில் அந்தப் பையன் கொழும்பில் ஒரு கடையில் நிற்பது சம்பளக் காசு வந்த பிறகுதான் ஊருக்குத் தெரியும். 16 வயது வரை படிப்பு கட்டாயம் என்று 2016இல் விதி வந்துவிட்டது. ஆனால் விதி லயத்துக்கு நடந்து வராது.

சரி, என்ன செய்யலாம்?

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பிள்ளை படிக்கிற ஒவ்வொரு பெற்றோரும் அங்கத்தவர். அதிபர் அதற்குத் தலைவர், அவ்வளவுதான். கூட்டம் வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைத்தால் அம்மா வரமாட்டார், அரைப் பேர் போய்விடும். "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று அறிக்கையில் எழுதிவிடுவார்கள். கூட்டத்தைப் பின்னேரத்துக்கு மாற்றக் கேளுங்கள். மாற்ற முடியாவிட்டால், வருடத்துக்கு இரண்டு கூட்டத்துக்காவது பேர் வெட்டாமல் விடும்படி தோட்ட நிர்வாகத்திடம் பேசுவது எங்கள் வேலை. சம்பளப் பேச்சோடு இதையும் மேசையில் வைப்போம்.

அடுத்தது கடிதம். "சிங்களத்தில் எழுதத் தெரியாது" என்ற பயம் வேண்டாம். தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தருகிறது. நம் பாடசாலைகள் பெரும்பாலும் மாகாண சபைக்குரியவை. முதலில் பலாங்கொடை வலயம், அங்கே அசையாவிட்டால் இரத்தினபுரியில் மாகாணக் கல்வித் திணைக்களம். எத்தனை ஆசிரியர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள், அதிபர் பதவி எந்தத் தேதியிலிருந்து காலி என்று 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்கலாம். தருவார்களா, மாட்டார்களா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும். "ஆசிரியர் தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். எண்ணிக்கையோடு கேட்டால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

கமிட்டித் தலைவர்களுக்கு ஒன்று. அடுத்த சம்பளத்துக்கு முன், உங்கள் தோட்டப் பாடசாலையில் எந்த வகுப்பில் எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை என்று பிள்ளைகளிடமே கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். விண்ணப்பத்தைச் சங்க ஆபீஸில் நிரப்பித் தருகிறோம். கையெழுத்து மட்டும் ஒரு தாயுடையதாக இருக்கட்டும்.