அப்பாச்சியின் வயது

(தோட்டப் பொதுக்கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன மாதம் ஒரு பாட்டி வந்து, "ஐயா, என் வயசு எனக்கே தெரியாதுங்க" என்றார். எனக்கு யாழ்ப்பாணத்து அப்பாச்சியின் ஞாபகம் வந்தது.

கோண்டாவிலில் இருந்த அப்பாச்சிக்கும் பிறந்த திகதி தெரியாது. "வோட்டு வேண்டாமெண்டு யாழ்ப்பாணம் சொன்ன வருசம் பிறந்தனான்" என்பா. அது 1931. ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்த முதல் தேர்தல். முழுச் சுயராச்சியம் தரவில்லையென்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அதைப் பகிஷ்கரித்தது. 1942இல் ஜப்பான்காரன் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டபோது அப்பாச்சிக்கு 11 வயது. சுதந்திர வருசம் 1948இல் கலியாணம்.

அதே 1948இல்தான் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. தகப்பன், அல்லது பாட்டனும் பூட்டனும், இலங்கையில் பிறந்ததை நிரூபிக்க வேண்டும். லயத்தில் பிறந்தவர்களிடம் அந்தக் கடதாசி எங்கே? இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அப்பாச்சியை அந்தச் சட்டம் தொடவில்லை. உண்மையைச் சொன்னால், எங்கள் வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் கதைத்ததில்லை.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்கள். அப்பாச்சிக்கோ அது மார்கழிப் புயல் அடித்த வருசம் மட்டுந்தான்.

1981இல் யாழ் நூலகம் எரிந்தது. நான் பிறந்த வருசம். 1995இல், அதே ஒக்டோபர் 30இல், வலிகாமம் சனம் முழுக்க வெளிக்கிட்டது. நாவற்குழிப் பாலம் கடக்க எங்களுக்கு விடிந்துவிட்டது. அப்பாச்சியின் கையில் ஒரே ஒரு பை. அதற்குள் காணி உறுதியும் பிறப்புப் பத்திரங்களும். "கடதாசி இல்லாட்டி நீ ஆரெண்டு கேப்பாங்கள், தம்பி" என்றா. உங்கள் கதை அவவுக்கு 64 வயதில்தான் விளங்கியது.

1990இல் நின்ற ரயில் 2014இல் யாழ்ப்பாணம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு மறு வருசம் கண்மூடினா.

சரித்திரம் பெரிய ஆட்களுடையது என்று நினைக்காதீர்கள். அது நம் வீட்டுக்குள்ளேதான் நடந்திருக்கிறது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கேயே வாழ்ந்தவர்களுக்கும் அவர்கள் பரம்பரைக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை தந்தது. ஆகவே, பிள்ளை பிறந்தால் உடனே பதியுங்கள். பத்திரங்களை நனையாமல் வையுங்கள். பெரியவர்களிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

அந்தப் பாட்டியிடமும் கேட்டேன். "ஒப்பந்தம் போட்ட வருசம் பெரியபிள்ளை ஆனேங்க" என்றார். 1951 அளவில் பிறந்திருப்பார் என்று எழுதிக்கொண்டோம்.