எக்ஸ்ரே நார்மல்னா நோய் இல்லைன்னு அர்த்தமா?

எங்க வீட்டு பீரோ மேல ரெண்டு பெரிய கவர் ரொம்ப நாளா இருந்தது. ஒண்ணு அம்மாவோட முட்டி எக்ஸ்ரே. இன்னொண்ணு என் முதுகு எக்ஸ்ரே. அம்மாவோட படத்தை யார் பார்த்தாலும் "ஐயையோ, இவ்வளவு தேய்ஞ்சிருக்கே"ன்னுதான் சொல்வாங்க. என் ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று எழுதியிருந்தது. ஆனா காலையில் சுவரைப் பிடிச்சுக்கிட்டு பாத்ரூம் போனவன் நான். அம்மா மாடியேறிப் போய் துணி காயப்போட்டுட்டு வந்துடுவாங்க.

இந்த எபிசோடு அந்த ரெண்டு கவரைப் பத்தித்தான்.

மூட்டு வலின்னா நம்ம வீடுகள்ல ரெண்டே காரணம்தான். வயசானவங்களுக்கு வந்தா தேய்மானம், சின்ன வயசுல வந்தா வாயுப் பிடிப்பு. ஐடி வேலைன்னா மூணாவதா ஒண்ணு சேர்த்துக்குவாங்க: சேர் சரியில்லை. ஆனா ஆர்த்ரைட்டிஸ் என்ற பெயருக்குள்ள நூத்துக்கும் மேற்பட்ட நோய்கள் இருக்கு. ஒண்ணுக்கான மருந்து இன்னொண்ணுக்கு உதவாமலும் போகலாம். அதனால எது வந்திருக்குன்னு கண்டுபிடிக்கிறதுதான் முதல் வேலை. அதுல படங்கள் எங்கே உதவுது, எங்கே ஏமாத்துதுன்னு பார்ப்போம்.

அம்மாவோட படத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். எக்ஸ்ரேல எலும்பு நல்லா தெரியும். குருத்தெலும்பு தெரியாது. ரெண்டு எலும்புக்கு நடுவுல கறுப்பா ஒரு இடைவெளி தெரியுதே, குருத்தெலும்பு இருக்கிற இடம் அதுதான். அது குறைஞ்சா குருத்தெலும்பு குறைஞ்சிருக்குன்னு நாம ஊகிக்கிறோம். அதனாலதான் முட்டி எக்ஸ்ரேயை நிற்க வெச்சு எடுக்கிறாங்க. உடம்போட எடை இறங்கினாத்தான் உண்மையான இடைவெளி தெரியும். அம்மாவுக்கு உள்பக்கம் மட்டும் இடைவெளி ரொம்பக் குறைஞ்சிருந்தது. அதுக்குக் கீழே எலும்பு வெள்ளையா இறுகியிருந்தது, ஓரங்கள்ல சின்னச் சின்ன முள் மாதிரி வளர்ச்சி. தேய்மானத்துக்கு, அதாவது ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸுக்கு இது புத்தகத்துல வர்ற மாதிரியான படம். இதை 0 முதல் 4 வரை தரம் பிரிக்க கெல்க்ரன், லாரன்ஸ் என்ற ரெண்டு பேர் 1957ல ஒரு முறை கொண்டு வந்தாங்க, இன்னைக்கும் அதுதான் நடக்குது. அம்மாவுக்கு 3. ஆனா அந்த எண்ணை வெச்சு வலி எவ்வளவுன்னு சொல்ல முடியாது. படம் மோசமா இருந்தும் நல்லா நடக்கிறவங்க நிறைய பேர்.

கை எக்ஸ்ரே இதைவிட சுவாரசியமானது. ரான்ட்ஜென் 1895 டிசம்பர்ல எடுத்த பிரபலமான படமே அவர் மனைவியோட கைதான், விரல்ல மோதிரத்தோட. இன்னைக்கும் மூட்டு டாக்டர்கள் கையைத்தான் முதல்ல பார்க்கிறாங்க. எவ்வளவு கெட்டுப்போயிருக்கு என்பதைவிட எந்த மூட்டு கெட்டுப்போயிருக்கு என்பதுதான் அவங்களுக்கு முக்கியம். முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு, பெரும்பாலும் ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி வரும். மணிக்கட்டு, விரல் தொடங்குற மூட்டு, நடு மூட்டு. நகத்துக்குப் பக்கத்துல இருக்கிற கடைசி மூட்டை அது பெரும்பாலும் விட்டுடும். தேய்மானம் அந்தக் கடைசி மூட்டைத்தான் விரும்பிப் பிடிக்கும். சோரியாசிஸோட வர்ற ஆர்த்ரைட்டிஸும் அங்கே வரலாம், ஆனா அது ஒரு பக்கம் எலும்பை அரிச்சுக்கிட்டே பக்கத்துல புதுசா எலும்பையும் வளர்க்கும். கௌட்டுன்னா கால் பெருவிரல். எலி கடிச்ச மாதிரி எலும்புல ஒரு குழி, அது மேல கூரை மாதிரி ஒரு விளிம்பு. இது நான் உவமைக்குச் சொல்லலை, டாக்டர்களே எலிக்கடின்னுதான் சொல்றாங்க. இப்போ ரெண்டு வித எக்ஸ்ரே சக்தியில எடுக்கிற ஒரு சிடி ஸ்கேன், யூரிக் அமிலப் படிகங்களைத் தனி நிறத்துல காட்டிடுது.

ஒரு பெரிய "ஆனா" இருக்கு. இந்தக் குழியும் அரிப்பும் தெரியும்போது சேதம் ஏற்கனவே நடந்து முடிஞ்சிருக்கும். முடக்குவாதம் தொடங்கின புதுசுல எக்ஸ்ரே சுத்தமா இருக்கலாம். அப்போ அல்ட்ராசவுண்ட் வெச்சுப் பார்த்தா மூட்டுச் சவ்வு தடிச்சு, ரத்த ஓட்டம் அதிகமாகி, அழற்சி நடந்துக்கிட்டிருக்கிறது தெரியும். நம்ம பாஷையில சொன்னா, எக்ஸ்ரே என்பது சர்வர் விழுந்த பிறகு கிடைக்கிற ரிப்போர்ட். அல்ட்ராசவுண்டும் எம்ஆர்ஐயும் லைவ் மானிட்டரிங்.

இப்போ என் கதை. 26 வயசுல ஆரம்பிச்சது. இடுப்புக்குக் கீழே ஆழமா ஒரு வலி. விடியற்காலை மூணு, நாலு மணிக்கு எழுப்பிவிடும். காலையில ஒரு மணி நேரம் உடம்பு கட்டை மாதிரி இறுகியிருக்கும். ஆபீஸ் போய் நடந்து திரிஞ்சா குறைஞ்சிடும். ஞாயிற்றுக்கிழமை நல்லா படுத்து ரெஸ்ட் எடுத்தா இன்னும் மோசம். இந்தக் கடைசி வரியை நான் எந்த டாக்டர்கிட்டயும் சொல்லலை. சொல்லணும்னு தெரியாது. பதிமூணாயிரம் ரூபாய்க்கு ஒரு சேர் வாங்கினேன்.

எக்ஸ்ரே நார்மல். அப்புறம் முதுகுக்கு எம்ஆர்ஐ எடுத்தாங்க. எல்4-எல்5ல டிஸ்க் லேசா பிதுங்கியிருக்குன்னு வந்தது. அப்பாடா, காரணம் கிடைச்சிடுச்சுன்னு நினைச்சேன். பெல்ட், ரெஸ்ட், மாத்திரைன்னு ஒரு வருஷம் போச்சு. வலியே இல்லாதவங்களை ஸ்கேன் பண்ணின பல ஆய்வுகளை 2015ல தொகுத்துப் பார்த்தாங்க. 20 வயதுக்காரர்களிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. அதைப் பிறகுதான் படிச்சேன். படத்துல ஏதோ ஒண்ணு தெரிஞ்சா அதுதான் வலிக்குக் காரணம்னு ஆகிடாது.

திருப்பம் வந்தது கண் ஆஸ்பத்திரியில. ஒரு நாள் ஒரு கண் மட்டும் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியலை. கண்ணுக்குள்ள அழற்சி, யூவியைட்டிஸ்னு சொன்ன அந்த டாக்டரம்மா, சொட்டு மருந்து எழுதிக்கிட்டே, "தம்பி, காலையில எழுந்திருக்கும்போது முதுகு இறுகுதா?"ன்னு கேட்டாங்க. கண் டாக்டருக்கு என் முதுகு எப்படித் தெரியும்னு திகைச்சுப் போய்ட்டேன்.

அவங்க அனுப்பின ருமட்டாலஜிஸ்ட் என் பழைய எம்ஆர்ஐயைப் பார்த்துட்டு, "இதுல பார்க்க வேண்டிய இடமே சரியா வரலையே"ன்னார். பேன்ட்டோட பின்பாக்கெட்டுக்கு மேல, ரெண்டு பக்கமும் சின்னதா குழி விழும் இல்லையா, அதுக்கு உள்ளே முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேருற மூட்டு இருக்கு. சேக்ரோஇலியாக் மூட்டு. வழக்கமான முதுகு எம்ஆர்ஐல அது முழுசா வராது. தப்பான சர்வரோட லாக்கைப் படிச்சுட்டு பக் இல்லைன்னு டிக்கெட்டை மூடின மாதிரி ஆகியிருக்கு.

அந்த மூட்டுக்குன்னு தனியா எம்ஆர்ஐ எடுத்தாங்க. அதுல ஸ்டிர்னு ஒரு வகைப் படம். எலும்பு மஜ்ஜையில இருக்கிற கொழுப்போட வெளிச்சத்தை அணைச்சுட்டு, நீர் இருக்கிற இடத்தை மட்டும் பளிச்சுன்னு காட்டும். அழற்சி இருந்தா அங்கே நீர் கோர்த்திருக்கும். என் படத்துல ரெண்டு பக்கமும் மூட்டை ஒட்டி வெள்ளைத் திட்டு. ஆக்சியல் ஸ்பாண்டிலோ ஆர்த்ரைட்டிஸ். கவனிக்காம விட்டா சிலருக்கு வருஷக்கணக்குல எலும்பு வளர்ந்து முதுகெலும்புகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி மூங்கில் மாதிரி ஆகிடும். 1984ல வந்த விதிமுறைப்படி எக்ஸ்ரேல மாற்றம் தெரிஞ்சாத்தான் இந்த நோய்க்குப் பேரே வைப்பாங்க. எக்ஸ்ரேல தெரிய வருஷங்கள் ஆகலாம். 2009ல வந்த விதிமுறைதான் எம்ஆர்ஐயையும் சேர்த்துக்கிட்டது. பழைய விதிப்படி எனக்கு நோயே இல்லை!

மூணாவது கவரை அம்மா ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டு, "இத்தனூண்டு வெள்ளைக்காடா இந்தப் பாடு?"ன்னாங்க. அவங்க படத்துக்கு முன்னாடி இது ஒண்ணுமே இல்லைதான்.

அதே நேரம், வெள்ளைத் திட்டு தெரிஞ்சா உடனே நோய்னும் முடிவு பண்ண முடியாது. நிறைய ஓடுறவங்களுக்கும், சமீபத்துல குழந்தை பெத்தவங்களுக்கும் அந்த இடம் வெள்ளையா தெரியலாம். எச்எல்ஏ-பி27னு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கு, அது பாசிட்டிவா வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இந்த நோய் வர்றதே இல்லை. டாக்டர் படத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் என்கிட்ட பேசினார். நீ ஓடுவியா, ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது, வீட்ல யாருக்காவது சோரியாசிஸ் இருக்கா, எல்லாம் கேட்டார்.

அதனால இந்த எபிசோடைக் கேட்டுட்டு நேரா ஸ்கேன் சென்டருக்குப் போய் எம்ஆர்ஐ எடுத்துடாதீங்க. மூணு மாசத்துக்கு மேல முதுகு வலி, 45 வயசுக்குள்ள தொடங்கியிருக்கு, நடந்தா குறையுது, படுத்தா கூடுதுன்னா, அதை அப்படியே ஒரு காகிதத்துல எழுதி ருமட்டாலஜிஸ்ட்கிட்ட கொண்டு போங்க. கண் எப்பவாவது அப்படி சிவந்திருந்தா அதையும் எழுதுங்க. எங்கே படம் எடுக்கணும்னு அவர் சொல்வார்.

எனக்கு இப்போ மாத்திரையும் தினசரிப் பயிற்சியும் போகுது. காலை இறுக்கம் பத்து நிமிஷமா குறைஞ்சிருக்கு. மாத்திரை கேக்கலைன்னா ஊசி மருந்து இருக்கு. அதைத் தொடங்குறதுக்கு முன்னாடி ஏன் டிபி இருக்கான்னு சோதிக்கிறாங்க என்பதை அடுத்த எபிசோடுல பேசலாம்.