பாட்டுக்கும் கடன் கொடுக்கலாம்
(கவரைப்பேட்டை கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



போன மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா கடன் கேட்டாங்க. கறவை மாட்டுக்கு இல்லை, தையல் மெஷினுக்கும் இல்லை. ஸ்பீக்கரும் ரெண்டு மைக்கும் வாங்க. ஆறு பேர் கொண்ட குழுவா அம்மன் கோயில் திருவிழாக்களில் பாடுறவங்க. "பாட்டுக்கெல்லாமா கடன்?" என்று சிரிச்சுட்டு அடுத்த தீர்மானத்துக்குப் போயிட்டோம். களப்பணியாளர்களான நாங்களும் அன்னைக்கு வாய் திறக்கலை. அது தப்பு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ராத்திரிக்கு 15,000 ரூபாய் பேசினதா வச்சுக்குவோம். சவுண்ட் செட் வாடகை 6,000. நிகழ்ச்சி முடியும்போது கும்மிடிப்பூண்டி ரயில் இருக்காது, அதனால் வேனுக்கு 3,000. மீதி 6,000, ஆளுக்கு ஆயிரம். செட் சொந்தமா இருந்தா அந்த வாடகைப் பணமே கடனை அடைக்கும். கந்து வட்டிக்காரரிடம் போனா இது நடக்காது.

ஆனா வருமானம் மாசாமாசம் வராது. ஆடியில் கூழ் வார்க்கிற ஊரெல்லாம் கூப்பிடுவாங்க, மார்கழியில் கல்யாணக் கச்சேரி கிடையாது. அதனால் தவணையை ஆடியில் கூட்டியும் மற்ற மாதங்களில் குறைச்சும் வைக்கலாம். மாட்டுக் கடனுக்குப் பால் வத்துற மாசத்தில் பொறுத்துக்கிறோமே!

பாடுறவங்களும் ஒன்று செய்யணும். வாய்ப்பேச்சை நம்பிப் போய், "வசூல் சரியா வரலை" என்று பாதிப் பணத்தோடு திரும்பின கதை எத்தனை கேட்டிருக்கோம்! வெற்றிலை பாக்கோடு பாதிப் பணம் முன்பணம், மீதி மேடை ஏறுமுன். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்க.

பேர் வந்தா பணம் தானா வரும் என்பதும் இல்லை. மதுரைப் பக்கம் பரவை முனியம்மா மேடை மேடையாப் பாடினவங்க. 2003-ல் 'தூள்' படத்தால் நாடே அறிஞ்ச முகம். அப்படியும் முதுமையில் நோயும் வறுமையும் வந்து, 2015-ல் அரசு 6 லட்சம் ரூபாயை வைப்பில் போட்டு வட்டி கிடைக்கச் செய்தது. 2020 மார்ச் 29-ல் ஊரடங்குக்கு நடுவில் காலமானாங்க. அந்த வருஷம் ஆடித் திருவிழாவும் நின்னுபோச்சு. மேடையை மட்டும் நம்பினவங்க வீட்டில் அடுப்பு எரியலை.

அதுக்குத்தான் நம்ம சேமிப்பு. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியமும் 2007-லிருந்து இருக்கு. உறுப்பினரானா பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு உதவி கேட்கலாம். கலை பண்பாட்டுத் துறை மண்டல அலுவலகத்தில் விண்ணப்பிக்கணும். துணைக்கு நாங்க வர்றோம்.

அந்த அக்கா சந்தாவை ஒரு மாசம்கூட நிறுத்தினதில்லை, பதிவேட்டைப் பார்த்துட்டோம். கடையில் விலைப்பட்டியல் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கோம். அடுத்த கூட்டத்தில் முதல் தீர்மானமா இதை எடுப்போம்.