பாறையில் பெயர், நூலகத்தில் வம்சம்

இன்றைக்கு நாம் போகிற ஊர் குன்றாண்டார்கோவில். புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரனூருக்குக் கிழக்கே செம்மண் பூமி, தைல மரத் தோப்புகள், மழை பெய்தால் மட்டும் நிறையும் கண்மாய்கள் என்று சாலை போகும். ஒன்றியத்துக்கே பெயர் கொடுத்த ஊர் என்பதால் அலுவலகப் பலகைகளில் இந்தப் பெயரைப் பார்த்தவர்கள் அதிகம். கோயிலுக்குள் போய் நின்றவர்கள் குறைவுதான்.

எட்டாம் நூற்றாண்டில், நந்திவர்ம பல்லவமல்லன் காலத்தில், இங்கே பாறையைக் குடைந்து சிவனுக்குக் கோயில் எடுத்தார்கள். கருவறையில் இருக்கும் லிங்கமும் அதே பாறைதான். வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்ததில்லை. பிற்காலத்தவர்கள் குடைவரைக்கு முன்னால் மண்டபங்களைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். அவற்றில் நூற்றுக்கால் மண்டபம் தனி அழகு. சக்கரம், குதிரை எல்லாம் வைத்து, மண்டபத்தையே ஒரு தேராகச் செய்துவிட்டார்கள் விஜயநகரக் காலத்துச் சிற்பிகள். படம் எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இதோடு திரும்பிவிடுகிறார்கள். நான் உங்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்வேன். இந்த ஊரின் உண்மையான சொத்து எழுத்தில் இருக்கிறது.

திருவாதிரை நாளில் நூறு பேருக்குச் சோறு போட அரிசி கொடுத்த செய்தி இங்கே கல்வெட்டாக இருக்கிறது. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 'வாலி ஏரி' என்ற ஏரியைப் பற்றிப் பேசுகிறது. அதோடு சேர்ந்த பெயர் வாலி வடுகன் என்கிற கலிமூர்க்க இளவரையன். இவர் யார் மகன் என்று யாரையும் கேட்க வேண்டாம். தகப்பன் பெயர் வாலி, தன் பெயர் வடுகன். இன்றைக்கு நாம் போடும் இனிஷியல்தான். அவர்கள் அதைச் சுருக்காமல் முழுதாக வெட்டிவைத்தார்கள். அந்த ஏரியில் மண் சுமந்தவர்களுக்குத் தகப்பனும் இல்லை, பெயரும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் ஒரு கல்லில் இருந்து கிடைப்பது ஒரு பெயர், மிஞ்சினால் ஒரு தகப்பன். அதற்குமேல் ஏற வேண்டுமானால் பாறையை விட்டுவிட்டு நூலகத்துக்குத்தான் போக வேண்டும். புதுக்கோட்டை சமஸ்தானம் ஒரு பெரிய காரியம் செய்தது. தன் எல்லைக்குள் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளைப் படியெடுத்து 1929இல் அச்சிட்டது. கே. ஆர். வெங்கட்ராம ஐயர் தொகுத்த சமஸ்தான மேனுவல் 1938 முதல் வெளிவந்தது. பல ஊர்க் கற்கள் பக்கத்துப் பக்கத்துத் தாளில் வந்து உட்கார்ந்த பிறகுதான் சொந்தபந்தம் தெரிகிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மலையடிப்பட்டியில், தந்திவர்மனின் பதினாறாம் ஆட்சியாண்டில் குடைவரை எடுத்தவர் குவாவன் சாத்தன் என்கிற விடேல்விடுகு முத்தரையன். அங்கிருந்து தள்ளி நார்த்தாமலைக்கு வந்தால் இன்னொரு குடைவரை. அதைக் குடைந்தவர் விடேல்விடுகு முத்தரையன் மகன் சாத்தன் பழியிலி. முன்மண்டபமும் நந்தியும் சேர்த்தவர் அவர் மகள் பழியிலி சிறியநங்கை. அவர் கணவர் மல்லன் அனந்தன். குவாவன், சாத்தன், பழியிலி, சிறியநங்கை என்று நான்கு தலைமுறை கையில் நிற்கிறது, மருமகனும் வந்துவிட்டார். இரண்டு ஊர் விடேல்விடுகும் ஒருவர்தான் என்று ஆய்வாளர்கள் கொள்வதற்குப் பெயர் வரிசையே பெரிய துணை. மலையடிப்பட்டியில் மட்டும் நின்றவருக்குப் பேத்தி கிடைக்க மாட்டாள்.

இப்படிப் படியெடுத்து வைக்கும் வேலையின் அருமையை அயர்லாந்துக்காரர்களிடம் கேட்க வேண்டும். உள்நாட்டுச் சண்டையில் 1922 ஜூன் 30ஆம் தேதி டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முற்பாதி மக்கள்தொகைக் கணக்குகளும், புராட்டஸ்டன்ட் சபை ஞானஸ்நானப் பதிவேடுகளில் பாதிக்கு மேலும் சாம்பலாயின. தப்பிய பிரதிகளையும் குறிப்புகளையும் திரட்டுவதற்காகவே 1936இல் லண்டனில் ஐரிஷ் வம்ச ஆய்வுச் சங்கம் தொடங்கித் தனி நூலகம் வைத்தார்கள். நம் பக்கம் தீ வேண்டியதில்லை. திருப்பணி என்ற பெயரில் சுண்ணாம்பு பூசியும், பழங்கல்லைப் பெயர்த்துத் தளம் போட்டும் எத்தனையோ எழுத்தை இழந்திருக்கிறோம். அங்கெல்லாம் படியெடுத்த பிரதி மட்டுமே சாட்சி.

சரி, நம் குடும்பத்தைத் தேட வழி உண்டா? உண்டு. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் ஞானாலயா ஆய்வு நூலகம் இருக்கிறது. ஆசிரியராக இருந்த பா. கிருஷ்ணமூர்த்தியும் துணைவியார் டோரதியும் சொந்தச் சம்பாத்தியத்தில் வளர்த்தது. லட்சம் நூல்களுக்கு மேல், முதல் பதிப்புகள் ஏராளம். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்கள் இப்போது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. அவர் புத்தகத்தோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதையும் சேர்த்தார். வம்சம் தேடுகிறவனுக்கு ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை பாதிக் கல்வெட்டுக்குச் சமம்.

வெறுங்கையோடு போகாதீர்கள். வீட்டுப் பரணில் கிடக்கும் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பார்த்து, தகப்பன் பெயர், கண்மாய்ப் பெயர், எல்லை மால் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஊரின் பழைய பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். குன்றாண்டார்கோவிலே கல்வெட்டில் திருக்குன்றக்குடி. அது தெரியாதவர் காரைக்குடிப் பக்கத்துக் குன்றக்குடிக்குப் போய் முட்டிக்கொள்வார். எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டில் மூத்த அப்பத்தா இருந்தால் குலதெய்வக் கோயில் எந்த ஊர் என்று கேளுங்கள். பிழைப்புக்காகக் குடும்பம் எத்தனை ஊர் மாறினாலும் படையல் போட அந்த ஊருக்குத்தான் போயிருக்கும். நூலகத்தில் முதலில் பிரிக்க வேண்டியது அந்த ஊர்ப் பக்கத்தை.