தப்பும் விளக்கும் ஒரே நொடியில்



காமன் கூத்தை விடிய விடியக் கண்விழித்துப் பார்த்தவர்களுக்கு, அந்த இரவில் சனம் எந்தக் கணத்துக்காகக் காத்திருக்கிறது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மதன் விட்ட அம்பு தைத்துச் சிவனின் தவம் கலைகிறது. நெற்றிக்கண் திறக்கிறது. காமன் பொட்டலில் ஊன்றிய கம்பத்தில் தீ ஏறுகிறது. தீ ஏறும்போதே தப்பின் அடியும் மாற வேண்டும். அடி முந்தினால் தீயில் வியப்பு இருக்காது. பிந்தினால் எல்லாரும் நெருப்பையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கதறும் ரதி யார் கண்ணிலும் படமாட்டாள். தப்படிப்பவர் இந்த நேரக்கணக்கை எந்த ஏட்டிலும் படித்ததில்லை. சிவன் வேடம் கட்டியவரின் தோள் அசைவைப் பார்த்தே அவருக்குத் தெரியும்.

ஒலியும் ஒளியும் ஒன்றாக இறங்க வேண்டிய இந்த வேலையை இன்று உலகத்தின் பல மேடைகளில் கணினி மென்பொருள் செய்கிறது. பாட்டு இந்த இடத்துக்கு வந்ததும் நீல விளக்கு மங்க வேண்டும், இடி முழங்குகையில் வெள்ளை விளக்கு பளிச்சிட வேண்டும் என்று முன்கூட்டியே பதிந்து வைத்தால், ஒரு விசையைத் தட்டியதும் இரண்டும் சேர்ந்து நடக்கும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப் பாடசாலைகளிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் நாடகம் போடுகிறவர்களுக்கு இது எந்த அளவுக்கு உதவும், எந்த இடத்தில் உதவாது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்கள் நுவரெலியா மாவட்டத்தைப் போல மலைக்கு மலை தொடர்ந்து கிடப்பவை அல்ல. றப்பர் மலைக்கும் தேயிலை மலைக்கும் நடுவே சிங்களக் கிராமங்கள் வந்துவிடும். ஒரு தமிழ்ப் பாடசாலைக்கும் அடுத்த தமிழ்ப் பாடசாலைக்கும் இடையே தூரம் அதிகம். ஆர்மோனியம் வாசிப்பவர் ஒரு தோட்டத்தில், மிருதங்கம் தெரிந்தவர் இன்னொரு தோட்டத்தில் இருப்பார். ஒத்திகைக்கு அவர்களைக் கூட்டி வருவதே பெரும்பாடு. பதிவு செய்த இசை நம் மேடைக்கு வந்தது இந்தக் கஷ்டத்தினால்தான். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அது வந்த விதத்தைப் பாருங்கள். தமிழ்த் தினப் போட்டிக்குப் பிள்ளைகள் நாடகம் போடுகிறார்கள். பாட்டெல்லாம் ஒரு பென் டிரைவில். அம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் ஒரு மாணவன். சுவரில் உள்ள சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் இன்னொருவன். திரைச்சீலை ஓரத்தில் நின்று கையை ஆட்டும் ஆசிரியை. அவருடைய கையசைவு ஒருவனுக்குத் தெரியும், மற்றவனுக்குத் தெரியாது. மாதக்கணக்கில் பழகிய நடிப்பு, விளக்கு தாமதமாக அணைந்த ஒரே காரணத்தால் கலகலத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். இறந்து கிடக்கும் தகப்பன் முழு வெளிச்சத்தில் எழுந்து நடந்து போனால் எந்தச் சபையும் சிரிக்கத்தான் செய்யும். அந்தச் சிரிப்பு பிள்ளைகளின் மனதில் எத்தனை நாள் கிடக்கும் என்பது அவர்களோடு ஒத்திகை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மேடை விளக்கை ஒரு கலையாக எண்ணுவது நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடலரங்கின் நீள அகலத்தையும் உயரத்தையும் சொல்லி, மூன்று வகைத் திரைகளையும் சொல்லி, தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கை நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்கிறது. மாதவி ஆடுவதற்கு முன்பே நிழல் எங்கே விழும் என்று ஒருவர் யோசித்திருக்கிறார். நம் பாடசாலை மண்டபங்களில் நடிகரின் முகத்தில் தூண் நிழல் விழுவதை இன்றும் காண்கிறோம்.

இன்னோர் உதாரணம் கொல்கத்தாவிலிருந்து. 1959இல் மினர்வா அரங்கில் உத்பல் தத்தின் ‘அங்கார்’ நாடகம் மேடையேறியது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் கதை. சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து, அகப்பட்ட மனிதர்களை மூடுகிறது. மேடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. தாபஸ் சென் என்ற ஒளியமைப்பாளர் வெளிச்சத்தாலேயே அந்த வெள்ளத்தை உயர்த்தினார். இசை ரவிசங்கர். கணினி இல்லாத காலம், எல்லாம் கைவேலை. ஒளியும் ஒலியும் பிசகாமல் சேர்ந்தால் தொழிலாளியின் சாவை எப்படிக் கண்முன்னே நிறுத்த முடியும் என்பதற்கு, எனக்குத் தெரிந்து, இதைவிடப் பெரிய சான்று இல்லை. மண்சரிவுக்குப் பயந்து மழைக்கால இரவுகளைக் கழிக்கும் லயத்து மக்களின் கதையை நம் மேடைகளில் இப்படிச் சொல்ல முடியுமே என்ற ஆசை எனக்கு உண்டு.

சரி, இந்த மென்பொருள் என்ன செய்கிறது? மேடை விளக்குகளுக்குக் கட்டளை அனுப்ப டிஎம்எக்ஸ் 512 என்று ஒரு பொது முறை இருக்கிறது. 1986இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. ஒரே கம்பித் தொடரில் 512 தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் பூச்சியத்திலிருந்து 255 வரை ஓர் எண் போகும். பூச்சியம் என்றால் இருட்டு, 255 என்றால் முழு வெளிச்சம். 512 தடமும் நிறைந்திருந்தாலும் நொடிக்கு 44 தடவை வரை இந்த எண்கள் புதுப்பிக்கப்படும். ஒரு சிறிய எல்ஈடி பார் லைட்டுக்குச் சிவப்பு, பச்சை, நீலம், மொத்த வெளிச்சம் என்று நான்கைந்து தடங்கள் போதும். ஆகவே எட்டு விளக்குகள் வைத்தாலும் ஐம்பது தடங்களைத் தாண்டாது. கணினிக்கும் விளக்குக் கம்பிக்கும் நடுவே யுஎஸ்பி முனையில் செருகும் சிறு பெட்டி ஒன்று வேண்டும்.

பெரிய அரங்குகளில் பரவலாக உள்ள கியூலேப் என்ற மென்பொருள் 2006இல் வந்தது. ஆப்பிள் கணினியில்தான் ஓடும். நமக்கு அது தேவையில்லை. கியூஎல்சி பிளஸ் என்று இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. பின்லாந்துக்காரரான ஹெய்க்கி யுன்னிலா தொடங்கியதை இத்தாலியரான மாசிமோ கல்லெகாரி வளர்த்தெடுத்தார். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். விளக்கையும் பாட்டையும் ஒரே இடத்தில் கோக்கலாம். ஒலியை மட்டும் வரிசைப்படுத்தி இயக்க லினக்ஸ் ஷோ பிளேயர் இருக்கிறது; அதுவும் இலவசம். பழைய மடிக்கணினி ஒன்று போதும்.

இதில் இரண்டு வழிகள் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் நாடகத்தின் உயிர் இருக்கிறது. முதல் வழி, பாட்டின் நேரக்கோட்டிலேயே விளக்கு மாற்றங்களைப் பதித்துவிடுவது. பாட்டைத் தொடங்கினால் முடியும் வரை யாரும் எதையும் தொட வேண்டியதில்லை. மதுரை திருமலை நாயக்கர் மகாலில் சிலப்பதிகாரக் கதையைச் சொல்லும் ஒலி ஒளிக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். பிரான்ஸில் ஷாம்போர் மாளிகையில் 1952இல் தொடங்கிய காட்சி வகை அது. அங்கே நடிகர் கிடையாது, தூணும் சுவரும்தான். அதனால் நேரக்கோடு பொருந்தும். பதிவுப் பாட்டுக்குப் பிள்ளைகள் ஆடும் குழு நடனத்துக்கும் பொருந்தும், ஏனென்றால் ஆடுகிறவர்கள் ஏற்கனவே பாட்டுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

இரண்டாவது வழியில், ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு கியூவாக வரிசையில் அடுக்கிவைத்து, இயக்குபவர் மேடையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் தட்டுவார். வசன நாடகத்துக்கு இதுதான் சரி. ரதியாக நடிக்கும் பிள்ளை ஒப்பாரியில் ஓர் இடத்தில் குரல் உடைந்து நிற்கிறாள். சபையில் கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். அந்த மௌனத்தை அவள் விரும்பிய வரை நீட்ட விட வேண்டும். நேரக்கோட்டில் பதிந்திருந்தால் அடுத்த இசை ஈவிரக்கமில்லாமல் வந்து விழும். கியூ வரிசையாக இருந்தால், பின்னணி இசை அடுத்த தட்டு விழும் வரை சுற்றிச் சுற்றி ஒலிக்கும்படி வைக்கலாம். அவள் தலை நிமிரும்போது விசையைத் தட்டலாம். பழைய தப்புக்காரர் சிவனின் தோளைப் பார்த்தது போல, இயக்குபவரின் கண் கணினித் திரையில் இல்லாமல் நடிகரின் மேல் இருக்க வேண்டும்.

வசனங்களையும் சேர்த்து முழு நாடகத்தையும் பதிந்து கொண்டுவந்து, பிள்ளைகளை வாயசைக்க விடும் வழக்கம் இப்போது சில இடங்களில் காணப்படுகிறது. மைக் தட்டுப்பாடும் போட்டிப் பயமும் காரணங்கள் என்று எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் அதை நான் ஏற்கமாட்டேன். பிள்ளையின் குரலைப் பறித்த பிறகு எவ்வளவு துல்லியமாக விளக்கு எரிந்தாலும் அது நாடகமாகாது.

நேரம் பிசகுவதைப் பற்றி ஒரு தகவல். தொலைக்காட்சி ஒளிபரப்புக்காகச் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்ட பரிந்துரையின்படி, படத்தைவிட ஒலி ஏறத்தாழ 45 மில்லி விநாடி முந்தினாலே பார்ப்பவர்கள் உணர்ந்துவிடுகிறார்கள். பிந்தினால் 125 மில்லி விநாடி வரை தெரிவதில்லை. மின்னலை முதலில் கண்டு இடியைப் பிறகு கேட்டே பழகியவர்கள் நாம். ஆகவே சந்தேகம் வந்தால் விளக்கு ஒரு நூலிழை முந்தட்டும். ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் ஓடும். விளையாட்டு மைதானத்தில் மேடையிலிருந்து 34 மீற்றர் தள்ளி நிற்பவருக்கு எல்லாமே நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தித்தான் கேட்கும். எதிர் மலையில் மோதித் திரும்பும் எதிரொலி வேறு. இதன்மேல் புளூடூத் ஸ்பீக்கரையும் சேர்த்தால் இன்னொரு தாமதம் ஏறிக்கொள்ளும். நாடகத்துக்கு ஒலியைக் கம்பி வழியே கொண்டுபோங்கள். பாட்டுகளைப் பென் டிரைவிலிருந்து ஓட்டாமல் கணினிக்குள் பிரதி செய்துவிடுங்கள்.

கரண்ட் நம்மைக் கைவிடும் என்று எண்ணியே திட்டமிட வேண்டும். மின்சாரம் நின்றால் மடிக்கணினி தன் பற்றரியில் ஓடிக்கொண்டிருக்கும். விளக்கும் ஸ்பீக்கரும் நின்றுபோகும். ஒரு பெட்ரோமாக்ஸோ நல்ல டோர்ச்சுகளோ ஓரத்தில் தயாராக இருக்கட்டும். இரத்தினபுரி நாட்டிலேயே மழை மிகுந்த இடங்களில் ஒன்று. மாசி பங்குனியில் காமன் கூத்து நடப்பதால் திறந்த வெளி பெரும்பாலும் தாங்கும். ஐப்பசியில் போடும் நாடகத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. எர்த் கம்பி சரியாக இல்லாத மேடையில், நனைந்த தரையில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். எந்தக் கலையும் அந்த ஆபத்துக்கு ஈடாகாது.

இனித் தப்பைப் பற்றி. தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டதும் தப்புத்தான். கோயிலுக்கும் சாவுக்கும் கூத்துக்கும் அடித்ததும் அதுதான். அடியைக் கேட்டே என்ன காரியம் என்று லயம் முழுவதும் அறிந்தது. தப்படிக்கும் கலைஞரைச் சாவு வீட்டுக்கு மட்டும் அழைத்துவிட்டு, மேடைக்கு அவருடைய ஒலியைப் பதிவிலிருந்து எடுத்துக்கொள்வது நியாயமல்ல. சாதியைக் காட்டி அவரை எட்ட நிறுத்திய பழைய வழக்கத்துக்கு இந்தப் பதிவு ஒரு புதிய சாக்காகிவிடக் கூடாது.

அவரை மேடைக்கு அழைத்துவர இந்த மென்பொருளிலேயே வழி இருக்கிறது. கியூஎல்சி பிளஸ்ஸில் மைக்கிலிருந்து வரும் ஒலியைக் கொண்டு விளக்குகளை இயக்கும் வசதி உண்டு. தப்புக்கு முன்னால் மைக் ஒன்றை வைத்து, குறிப்பிட்ட அளவுக்கு மேல் அடி எழுந்தால் சிவப்பு விளக்கு எரியும்படி செய்யலாம். அடி விழ விழ மேடை துடிக்கும். தப்படிப்பவரே அந்த நேரத்தில் ஒளியையும் நடத்துகிறார். காமன் எரியும் காட்சிக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். நாடகம் முழுவதும் வைத்தால் கண் சலித்துவிடும். சபையின் கைதட்டலுக்கும் விளக்கு மினுங்கிவிடும்.

ஆசிரியர்களுக்கும் தோட்டத்து இளைஞர் மன்றங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மேடையேறக் கூச்சப்படும் பிள்ளைகளில் இருவரை இந்த வேலைக்குத் தெரிவு செய்யுங்கள். விளக்கு வாடகைக்கு எடுக்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். விளக்குகளின் நிறமும் வெளிச்சமும் கணினித் திரையிலேயே தெரியும், அதை வைத்துப் பழகலாம். முதல் ஒத்திகையிலிருந்தே அவர்களை உட்கார வையுங்கள். நாடகம் மேடையேறும் நாளில், நடிகர்களின் பெயர்களோடு ஒளியும் ஒலியும் இயக்கியவர்களின் பெயர்களையும் தப்படித்தவரின் பெயரையும் நோட்டீஸில் அச்சிடுங்கள்.