கோலும் குழியும், தமிழும் நாமும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கூடியுள்ள இவ்வவையில், கோல்ப் என்னும் ஆட்டத்தைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். செல்வர் ஆடும் ஆட்டத்திற்கும் தமிழ்ச் சங்கத்திற்கும் என்ன உறவு என்று சிலர் வியக்கலாம். உறவு உண்டு, அதனைக் கூறவே வந்தோம்.

பரந்த புல்வெளியில் 18 குழிகள். ஒவ்வொரு குழியின் வாயும் நாலேகால் அங்குல அகலமே. தொலைவிலிருந்து சிறு பந்தொன்றைக் கோலால் அடித்து, குறைந்த அடிகளில் குழி சேர்க்க வேண்டும். கிரிக்கெட்டில் பந்து பாய்ந்து வருகிறது. சடுகுடுவில் எதிரி மறிக்கிறான். இங்கோ பந்து அசையாது கிடக்கிறது. அடி பிழைத்தால் பழி சுமத்தப் பிறர் எவரும் இல்லை. ஆகவே இவ்வாட்டம் ஆடுவோனைத் தன் உள்ளத்தையே நோக்கச் செய்கிறது. சினமும் அவசரமும் செருக்கும் எங்கே புகுந்தன என்பதைப் பந்து சென்ற வழியே காட்டிவிடுகிறது.

புதிதாகப் பயில்வோர் பந்தை வெகுதொலைவு பறக்கவிடவே ஆசைப்படுவர். ஆனால் கணக்கு வேறு. 72 அடிகளை அளவாகக் கொண்ட ஆடுகளத்தில், குழியருகே மெல்ல உருட்டுவதற்கென ஒதுக்கப்பட்டவை மட்டும் 36. சரிபாதி! கண்டோர் கைதட்டாத அச்சிறு அடிகளை நாள்தோறும் பழகுபவனே முன்னேறுகிறான். அவன் முன்னேற்றத்தை அளக்க 'ஹேண்டிகேப்' என்றொரு முறையும் உண்டு. திறம் குறைந்தவனுக்குச் சில அடிகள் சலுகையாகக் கழிக்கப்படும். திறம் வளர வளரச் சலுகை சுருங்கும். நேற்றைய தன்னோடு இன்றைய தன்னை ஒப்பிடும் அளவுகோல் இது.

பொருளுக்காக அன்றி விருப்பத்திற்காக ஆடுபவரை 'அமெச்சூர்' என்பர். அச்சொல்லின் வேர்ப்பொருள் அன்பு செய்பவர் என்பதாகும். அமெரிக்கரான பாபி ஜோன்ஸ் அத்தகையவர். 1925ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியில், அடிக்க முனைந்தபோது பந்து சிறிதே அசைந்ததாகத் தாமே கூறி, ஓர் அடியைத் தண்டமாக ஏற்றார். பிறர் எவரும் அதனைக் கண்டிலர். அந்த ஓர் அடியால் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. மறு ஆட்டத்தில் அவர் தோற்றார். ஆயினும் 1930இல் ஒரே ஆண்டில் அந்நாளைய நான்கு பெரும் பட்டங்களையும் வென்றார். நம் நாட்டிலும் 1965இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்ற முதல் இந்தியரான பி. ஜி. சேத்தி ஓர் அமெச்சூரே.

இனி நம் அண்டை ஊருக்கு வருவோம். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியில், 1895இல் தெலுங்குக் குடும்பமொன்றில் பிறந்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. அடையாற்றில் பிரம்மஞான சபையாரால் கண்டெடுக்கப்பட்டு, 1911இல் இளமையிலேயே இங்கிலாந்து சென்றார். அங்கே கோல்ப் பயின்று தேர்ந்த ஆட்டக்காரரானார். பிற்காலத்தில் உலகெங்கும் சென்று, ஒப்பிடாமல், கண்டிக்காமல் தன்னைத் தானே உற்று நோக்குமாறு கூறினார். மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலிப் பள்ளியும் அவர் எண்ணத்தில் தோன்றியதே. ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளையோடு ஒப்பிடுதல் கல்வியாகாது என்பது அவர் கருத்து.

அவர் வாழ்வில் நாம் உற்று நோக்க வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. அந்நிய நாட்டு ஆட்டம் அவர் கைக்கு வந்தது. தாய்மொழியாகிய தெலுங்கோ நாவை விட்டு நீங்கியது. பேசுவாரும் பழகுவாரும் இன்றி அதனை அவர் மறந்தே போனார். அத்துணைப் பேரறிவாளருக்கே இந்நிலை எனில், நம் பிள்ளைகளுக்கு என்ன காவல்? பழகியது வளரும், பழகாதது போகும். இதற்கு விலக்குப் பெற்றவர் எவரும் இல்லை.

நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் கற்கின்றனர். கற்கட்டும், நமக்குச் சோறிடும் நாட்டின் மொழியை நன்கு கற்பது நம் கடமை. ஆனால் இங்கே தமிழ் கற்கும் பிள்ளை பெரும்பாலும் மதிப்பெண்ணுக்காகவோ வேலைக்காகவோ கற்பதில்லை. அப்பிள்ளையே உண்மையான அமெச்சூர். அன்பினால் பயிலும் மாணவன். அவன் ழகரத்தில் தடுமாறும்போது நாம் செய்வது என்ன? சிரிக்கிறோம். "அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்!" என்கிறோம். சென்னையிலிருந்து வந்த மாமன் மகனோடு ஒப்பிடுகிறோம். அவனோ வெட்கி, மறுநாள் தெலுங்கிலேயே விடையளிக்கிறான். அன்று ஒரு வீட்டில் தமிழ் ஒரு படி இறங்குகிறது.

ஆண்டுக்கொரு முறை மேடையேற்றி, மனப்பாடம் செய்த சொற்பொழிவை முழங்கச் செய்வது தொலைதூர அடி போன்றது, கைதட்டல் கிடைக்கும். நாள்தோறும் ஒரு பத்தி படிப்பதும், பாட்டிக்கு நான்கு வரிக் கடிதம் எழுதுவதும், கடைக் கணக்கைத் தமிழில் குறிப்பதும் குழியருகே உருட்டும் அடிகள். ஆட்டத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது.

எனவே பெற்றோர்களே, பிள்ளையின் பிழையைக் காட்டுங்கள், பழிக்காதீர்கள். நேற்று பத்துப் பிழை செய்தவன் இன்று எட்டுப் பிழை செய்தால் அதனைப் பாராட்டுங்கள். இளைஞர்களே, உங்கள் பிழையை நீங்களே எண்ணிக் கொள்ளுங்கள். பிறர் காணாததையும் எண்ணுங்கள். அன்பு தொடங்கி வைத்ததை நேர்மையும் நாட்பயிற்சியும் நிறைவேற்றும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!